உப்பு போடாத சாறு

செங்கல்வராயனுக்கு நான் சாறு வைத்துக் கொடுத்தேன் என்பதற்காக யாரும் என்னைத் தங்கமான மனசுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவன் குடிக்கும்போதெல்லாம் தொண்டையில் நண்டு ஓடு சிக்கிச் சாகட்டும் என்று எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஓடு சிக்கவில்லை. சாற்றை இரண்டு தரம் வடிகட்டாமல் எனக்கு இறக்கத் தெரியாது. ஆத்திரம் ஒரு பக்கம், கைப்பழக்கம் ஒரு பக்கம்.

அவன் மீஞ்சூர்ப் பக்கத்துக் கூத்து வாத்தியார். நெல் விளைகிற ஊர்க்காரன். சித்திரை பிறந்ததும் ஓலைக்கட்டும் எழுத்தாணியுமாகப் படகேறி எங்கள் பசியாவரம் தீவுக்கு வருவான். கங்கையம்மன் திருவிழாவுக்குப் புதுக் கூத்து எழுதிக் கொடுப்பான். எழுதி முடிக்கிற வரை ஊர்தான் அவனுக்குச் சோறு போட வேண்டும். இது எங்கள் அப்பன் பாட்டன் காலத்து ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். குறை, அவன் போன வருஷம் எழுதின பாட்டு.

கூத்தில் கட்டியக்காரன் வந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பான் இல்லையா, அந்த இடத்தில் வைத்திருந்தான்:

உப்பில்லை என்றான் எல்லப்பன் – சாற்றில்
உப்பில்லை என்றான் எல்லப்பன்
கப்பல் நிக்குது கடலிலே – போய்க்
கலந்து குடியென்றாள் குப்பம்மா

குப்பம்மா நான்தான். எல்லப்பன் என் வீட்டுக்காரர். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. கைக்குழந்தை வைத்திருந்தவள் குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். மறுநாள் முதல் நான் தண்ணீர்க் குடத்தோடு போனால் பின்னால் யாராவது ஒருத்தர் அதை முணுமுணுத்தார்கள்.

அந்தச் சண்டை நடந்தது உண்மை. நான் மறைக்கவில்லை. அன்று காலை சாற்றில் உப்பு இல்லை என்று அவர் சொன்னார், கடலில் போய்க் கலந்துகொள் என்று நான் சொன்னேன். எந்த வீட்டு அடுப்படியில் இது நடக்கவில்லை? ஆனால் அவர் உலாந்தாக்காரனின், அதுதான் டச்சு வெள்ளைக்காரனின், கப்பலில் கூலிக்குப் பேசி, அக்கரையில் அவர்கள் கோட்டையில் பெயர் கொடுத்துப் பல நாள் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் கப்பல் பாய் விரித்தது. கடல் தாண்டிப் பத்தாவித் துறைமுகத்துக்குப் போய்த் திரும்புகிற கப்பலில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனார். கப்பல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வேறு கப்பல்களும் வந்தன. அவர் வரவில்லை.

அந்தக் காலையில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வேறு ஆள் என் கொழுந்தன் சுப்பன் ஒருவன்தான். அவன்தான் வாத்தியாருக்குக் கள் வாங்கி ஊற்றி இந்தக் கதையையும் ஊற்றியவன். ஏன் ஊற்றினான் என்பதற்கு எங்கள் ஏரிக்கு வர வேண்டும்.

ஏரியில் எந்த வீட்டுக்கு எந்த இடம் என்று பங்கு உண்டு. பங்கு ஆம்பளை பெயரில் இருக்கும். கூலிக்குக் கப்பலேறிப் போனவனுடைய பங்கு அவன் வருகிற வரை அவன் வீட்டுக்கே நிற்கும். பெண்டாட்டி அதில் இறங்கி நண்டு தடவிப் பிழைக்கலாம். ஊரை வெறுத்து ஓடினவனுக்குப் பங்கு இல்லை. அது கூடப்பிறந்தவனுக்குப் போய்விடும். இன்னொன்றும் உண்டு. அம்மன் முன்னால் இரண்டு திருவிழாவில் பாடி, யாரும் சாட்சியோடு மறிக்காத சொல் எங்கள் ஊரில் ஊர்வாக்கு ஆகிவிடும். பெண்டாட்டி வாய்க்குப் பயந்து எல்லப்பன் ஓடிவிட்டான் என்று ஒரு வருஷம் பாடியாகிவிட்டது. இந்த வருஷமும் பாடிவிட்டால் முடிந்தது. கோட்டைக் கணக்கை எனக்கு யார் திறந்து காட்டுவார்கள்? மறிக்கலாம் என்றால் எனக்கு இருந்த ஒரே சாட்சி சுப்பன்.

இந்த நிலைமையில்தான் ஊர்த் தலைவர், பெரியதனக்காரர் என் வாசலுக்கு வந்து நின்றார்.

"குப்பம்மா, வாத்தியாருக்கு நாளையிலேர்ந்து உன் வூட்டுச் சாறு வேணுமாம்."

"இன்னாத்துக்கு? ஊர்ல வேற அடுப்பே இல்லியா?"

"எல்லா அடுப்பும் பார்த்துட்டான்மா. உன் கைச் சாறு குடிச்சாத்தான் சொல்லு வருதாம். போன வருஷம் நீ ஊத்துன சாத்துலதான் மொத்தக் கூத்தும் எழுதுனேன்னு சொல்லிகினு கீறான்."

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது. அந்தப் பாட்டையும் என் சாற்றைக் குடித்துத்தான் எழுதியிருக்கிறான். முடியாது என்று சொல்ல வாய் திறந்தேன். பெரியதனக்காரர் குரலைத் தாழ்த்தி, "சோத்து முறைய மாட்டேன்னு சொன்ன வூட்டுக்கு ஏரிப் பங்கு பத்திப் பேச வாய் இருக்காது. யோசிச்சுக்கோ," என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் செங்கல்வராயன் வந்தான். வந்ததும் அடுப்புக்கு நேர் எதிரே பாயைப் போட்டுக்கொண்டான். என் கையைப் பார்க்க வசதியாக. இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சாத்துல உப்பு போடக் கூடாது, குப்பம்மா. எனக்கு வேணுங்கிறத நானே போட்டுக்குவேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வீட்டு உப்பைத் தின்றவன் அம்மன் முன்னால் அந்த வீட்டைப் பழித்துப் பாடக் கூடாது. பாடினால் வாய் வெந்துபோகும். பழிக்கக் கூடாது என்பதோடு விடாது. அந்த வீட்டை வாழ்த்தி ஒரு பாட்டும் பாடியாக வேண்டும். அதனால் அவன் எங்கள் ஊரில் எந்த வீட்டில் சாப்பிட்டாலும் மீஞ்சூர் உப்பைத்தான் தின்றான். எல்லாரையும் பழிக்க அவனுக்கு உரிமை வேண்டும்.

"அப்ப அந்தப் பாட்ட இந்த வருஷமும் பாடப் போறே," என்றேன்.

"நல்ல பாட்டும்மா அது. ஊரு கேக்குது."

"என் பங்கு போயிடும்னு தெரியுமா உனக்கு?"

"நான் பாட்டு கட்றவன். பங்கு வழக்கு தீக்கிறவன் இல்ல."

இந்த ஆளுக்குத்தான் நான் நண்டு இடித்தேன். சேற்று நண்டின் காலையும் கொடுக்கையும் பச்சையாக உரலில் போட்டு, மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை, தோலோடு பூண்டு, இரண்டு சின்ன வெங்காயம் எல்லாம் சேர்த்து இடித்து, தண்ணீர் விட்டுக் கரைத்துப் பிழிந்து, வடிகட்டி, புளி ஒரு துளி விட்டு, நுரை கட்டி வரும்போது இறக்க வேண்டும். கொதித்தால் கெட்டது. ஒவ்வொரு இடிக்கும் மனசுக்குள் அவன் பெயரைச் சொன்னேன். சாறு நன்றாக வந்தது, என்ன செய்ய.

முதல் சட்டியைப் பேசாமல் குடிப்பான். நெற்றி வேர்க்கும். மூக்கை உறிஞ்சுவான். இரண்டாவது சட்டியில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ உருட்டுவான். பிறகு ஓலையை எடுத்து எழுத்தாணியால் கீற ஆரம்பித்தால் பக்கத்தில் வீடு எரிந்தாலும் தெரியாது. வருகிறபோது முகம் வெளுத்து, வழக்குக்கு நிற்பவன் மாதிரி வருவான். சாறு உள்ளே போனதும் அரசன் மாதிரி ஆகிவிடுவான்.

ஒரு நாள் எழுதினதை வாய்விட்டுப் படித்தான். கடலில் மகனைத் தொலைத்த ஒரு அரசியின் புலம்பல். கேட்டுக்கொண்டே அகப்பையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். நன்றாக இருந்தது. இவ்வளவு எழுதத் தெரிந்தவன் என்னைப் பற்றி அப்படி எழுதினானே என்று முன்னைவிட அதிகமாக எரிந்தது. மோசமான பாட்டாக இருந்திருந்தால் ஊர் எப்போதோ மறந்திருக்கும்.

"இன்னா, அழுவுறியா?" என்றான்.

"பொகை," என்றேன்.

அந்த வாரம் ஏரி கடலில் சேர்கிற முகத்துவாரம் மண் மேவி அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வராது, ஏரித் தண்ணீர் வெளியே போகாது. வெயிலில் ஏரி வற்ற வற்ற, தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். நான் எங்கள் பங்கில் இறங்கி, பனையோலைப் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, முட்டி போட்டுச் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தேன். கரையேறி உட்கார்ந்தபோது கை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நக்கிப் பார்த்தேன். நண்டு கழுவுகிற தண்ணீரை அன்று எங்கள் பங்கிலேயே மொண்டுகொண்டு போனேன்.

எங்கள் தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. அக்கரையிலிருந்து படகில் குடம் குடமாக வரும். என் அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பானை இருக்கும். ஒன்று குடிக்கிற தண்ணீர், இன்னொன்று நண்டு கழுவ ஏரித் தண்ணீர். செங்கல்வராயன் என் கையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். உப்புச் சட்டிப் பக்கம் என் விரல் போகிறதா என்று பார்த்தான். எந்தப் பானையில் மொண்டேன் என்று அவன் பார்க்கவே இல்லை. கிணறும் வாய்க்காலும் உள்ள ஊரில் பிறந்தவனுக்குப் பானையில் இருப்பதெல்லாம் தண்ணீர்தான்.

முதல் நாள் ஏரித் தண்ணீர் அரை அகப்பை விட்டேன். பையிலிருந்து பாதிச் சிட்டிகைதான் போட்டான். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த நாள் சுப்பனும் கூட வந்து உட்கார்ந்திருந்தான், அண்ணன் பங்கை அளந்து பார்க்கிற முகத்தோடு. செங்கல்வராயன் ஒரு வாய் உறிஞ்சினான். பைக்குப் போன கை நின்றது.

"நண்டே உப்பா கீது இன்னிக்கி," என்றான். "சரியா கீது. ஒண்ணும் வேணாம்."

பையின் சுருக்கை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். அதற்குப் பிறகு திருவிழா வரை அந்தப் பை வெளியே வரவில்லை.

"அண்ணி, எனக்கும் ஒரு சட்டி," என்றான் சுப்பன்.

"உனக்கு உன் வூட்ல ஊத்துவாங்க," என்றேன்.

எங்கள் ஊரில் கூத்து பகலில்தான். அக்கரையில் கோட்டை வெடிமருந்துக் கிடங்கு இருப்பதால் தீவில் பந்தம் கொளுத்தக் கூடாது என்று உத்தரவு. அதனால் பந்தல் போட்டு, வேர்த்து விறுவிறுத்து, பூசின அரிதாரம் வழிய ஆடுவார்கள். அன்றும் அப்படித்தான். அம்மனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். பெரியதனக்காரர் முன்னால் உட்கார்ந்தார். அரசியின் புலம்பலுக்கு எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு கட்டியக்காரன் குதித்து வந்தான். ஜனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சில பேர் என்னைத் திரும்பிப் பார்த்தே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். செங்கல்வராயன் தாளத்தைத் தட்டி முதல் சொல்லை எடுத்தான்.

"உப்பில்லை என்றான்…"

"நிறுத்துய்யா!"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பந்தலுக்கு நடுவில் போய் அம்மனுக்கு முன்னால் நின்றேன்.

"வாத்தியாரே, அம்மன் முன்னால கேக்கிறேன். என் வூட்டு உப்பத் துன்னியா இல்லியா?"

"துன்னல. உப்பில்லாத சாறுதான் குடிச்சேன். என் உப்பு என் இடுப்புல கீது."

"எத்தினி நாளா கீது? அவுத்தியா?"

அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. முகத்தில் ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அதைப் பார்த்ததில் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"ஏரித் தண்ணியிலதான் உனக்குச் சாறு வச்சேன். சரியா கீது, ஒண்ணும் வேணாம்னு நீயே சொன்னே. என் கொழுந்தன் பக்கத்துலயே குந்திகினு இருந்தாரு. கேளுங்க அவர."

பெரியதனக்காரர் சுப்பனைப் பார்த்தார். அம்மனும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னாரு," என்றான் சுப்பன். உடனே துள்ளினான். "ஆனா ஏரித் தண்ணி உப்பு எப்பிடிங்க இவ உப்பாவும்? ஏரி இன்னா இவ அப்பன் வூட்டுதா?"

"எந்த எடத்துல மொண்டே, குப்பம்மா?" என்றார் பெரியதனக்காரர்.

"எங்க பங்குல."

"அது எப்பிடி இவ பங்கு?" என்று சுப்பன் கத்தினான்.

பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "டேய், அந்தப் பேச்சு இன்னும் தீரல. இந்த நிமிஷம் வரைக்கும் அது எல்லப்பன் பங்கு. எல்லப்பன் தண்ணின்னா எல்லப்பன் உப்பு. வாத்தியார் எல்லப்பன் வூட்டு உப்பத் துன்னிருக்காரு. பழிச்சுப் பாடக் கூடாது. வாழ்த்திப் பாடணும்."

ஜனம் சலசலத்தது. அவர்களுக்குச் சிரிக்கக் கிடைக்காத கோபம். செங்கல்வராயன் என் பக்கத்தில் வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சாத்துல வெசம் வச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்டி," என்றான்.

"வெசம் வாங்கக் காசு ஏது," என்றேன்.

அவன் அம்மனைப் பார்த்தான், ஜனத்தைப் பார்த்தான். எழுதாத பாட்டை நின்ற இடத்தில் கட்ட வேண்டும். வாய் திறந்து மூடினான். மறுபடியும் திறந்து மூடினான். கடைசியில் என்னிடமே திரும்பி, கேட்கவே பிடிக்காமல் கேட்டான்.

"சாறு மீதி கீதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊருக்கு முன்னால் அவன் திக்கித் திணறுவதை ஆசைதீரப் பார்த்திருக்கலாம். ஆனால் வாழ்த்துப் பாட்டு வராவிட்டால் என் பங்கு அந்தரத்தில் நிற்கும். வீட்டுக்கு ஓடி, காலையில் வைத்து மிச்சமிருந்ததைச் சட்டியோடு கொண்டுவந்து நீட்டினேன். ஆறிப்போன சாறு. அத்தனை பேர் பார்க்க நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தான். வாயைத் துடைத்தான். கண்ணை மூடினான். தாளக்காரன் கையைத் தூக்கியபடி காத்திருந்தான்.

அதே மெட்டை எடுத்தான். ஆனால் மெதுவாக.

உப்பில்லை என்றான் எல்லப்பன் – வீட்டில்
ஒருகல்லும் இல்லையே குப்பம்மா
கப்பல் ஏறிப் போயிருக்கான் – சாற்றுக்கு
உப்புக் கொண்டுவரப் போயிருக்கான்

அடுப்பை அணைக்காதே குப்பம்மா – சட்டி
ஆறவும் விடாதே குப்பம்மா
எடுத்து வைக்காதே இன்னொருத்தர்க்கு – அவன்
எடுத்து வருகிறான் குப்பம்மா

ஒருத்தரும் சிரிக்கவில்லை. இரண்டாவது தரம் பாடியபோது போன வருஷம் குழந்தையைக் கொடுத்துவிட்டுச் சிரித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கப்பலுக்கு ஆள் அனுப்பிய வேறு வீடுகளும் ஊரில் இருந்தன. அந்த வீட்டுப் பெண்கள் உரக்க அழுதார்கள். சுப்பன் தலையைக் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். எல்லப்பன் கூலிக்குப் போனவன், பங்கு நிற்கும் என்று பெரியதனக்காரர் அங்கேயே சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் போனதிலிருந்து நான் அழுததில்லை. கோபப்பட்டேன், கத்தினேன், நண்டு பிடித்தேன், வாழ்ந்தேன். ஊர் சிரித்தபோது திருப்பித் திட்ட முடிந்தது. திட்டுகிறவளுக்கு அழ நேரம் ஏது? இப்போது அந்தப் பாவி வாழ்த்திவிட்டான். இனி ஊர் என்னைக் கண்டால் சிரிக்காது, இரக்கப்படும். இனி நான் அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் அவர் வருகிறார் என்று ஒரு குரல் பாடும். வர மாட்டார் என்று எனக்கு எப்போதோ தெரியும். அதைத் தெரிந்துகொண்டே ஒரு மாதிரி பழகி வைத்திருந்தேன். அதைக் கெடுத்துவிட்டான். சிரிக்க வைத்தபோது அவனை வெறுத்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை அவன் ஊருக்குப் படகேற வேண்டும். போகிற வழியில் வாசலில் வந்து நின்றான். சட்டியை நீட்டினான். நேற்றுப் பாடியதில் பெருமை முகமெல்லாம் வழிந்தது.

"நல்லா வந்துச்சு இல்ல?" என்றான். "இந்த வருஷத்துல கட்டுனதுலயே அதுதான் ஒசத்தி. இனிமே இங்க பை வேணாம். ஒரு சட்டி ஊத்து. உப்பு போட்டே ஊத்து."

வடிகட்டி, நுரை கட்டி, இறக்கி வைத்திருந்தேன். நல்ல தண்ணீரில் வைத்த சாறு. சட்டி நிறைய ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இன்னா இது, சப்புனு கீது. உப்பு எங்க?"

"கொண்டாரப் போயிருக்காரு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.